உப்பின் மேல் கிடத்தியவளுக்குப் பத்து நாள்

செம்பொறை நாட்டின் குன்றும் குளமும் கோட்டையும் தம் குடைக்கீழ் அமைதி காண, மகனார் முடிசூடும் நாள்வரை அரசைத் தாங்கி நிற்கும் அரசமாதேவி மலைநங்கையார் திருமுன்புக்கு, கன்னலாற்றின் வடகரையில் தண்கரை நாடாளும் வேந்தரின் ஓலைநாயகம் மருதூர்க் கிழான் மதிசூடன் தலை தாழ்த்தி எழுதுவது. தங்கள் நாட்டில் மழை பொய்யாதிருக்க. தங்கள் ஏரிகள் உடையாதிருக்க. தங்கள் வாயிலில் வந்து நின்றவர் வெறுங்கையோடு திரும்பாதிருக்க.

முதலில் ஒரு பொறுத்தல் வேண்டுகிறேன். இந்த ஓலையில் எழுத்து கோணலாக இருக்கும். எழுத்தாணியால் எழுதவில்லை, முள்ளம்பன்றி முள்ளால் கீறுகிறேன். தண்கரையில் தீட்டுக் காலத்தில் யாரும் இரும்பு தொடுவதில்லை. எழுத்தாணியும் இரும்பு.

யாருக்காகத் தீட்டு என்று தாங்கள் கேட்கப்போவதில்லை. தாழைநங்கைக்காக. கதையில் வரும் ஒரு பெண்ணுக்காக.

தங்கள் ஓலை வந்து சேர்ந்தது. அதனோடு ஓர் ஏட்டுக்கட்டும் வந்தது. இரண்டையும் படித்தேன். ஓலையின் செய்தியை யான் விளங்கிக்கொண்டபடி திருப்பிச் சொல்கிறேன். பிழை இருந்தால் பொறுக்க. எங்கள் வேந்தரின் தங்கை முத்தங்கையாரும் தங்கள் மகனாரும் மணம் கொள்ள வரும் வெள்ளிக்கிழமை நாள் குறித்திருக்கிறோம். இம்மணம் முன்பே இருமுறை தள்ளிப்போயிற்று. இருமுறையும், கதையில் ஒருத்தி இறந்தாள், நாடு தீட்டில் இருக்கிறது என்று எழுதினோம். மூன்றாம் முறையும் அதையே எழுதினால் தங்கள் நாடு அதை அவமதிப்பாகக் கொள்ளும். மணப்படகு புறப்படாத துறைக்குப் போர்ப்படகு வரும். இவ்வளவும் ஓலையில் உள்ளது. ஏட்டுக்கட்டில் உள்ளது, அப்போரைத் தவிர்க்கத் தாங்கள் கண்ட வழி. அது அதே கதையின் புதுப் படலம். அதில் தாழைநங்கை சாகவில்லை. அதை எங்கள் மன்றங்களில் உடனே படித்தால் தீட்டு நீங்கும், வெள்ளிக்கிழமை மணம் நடக்கும்.

வழி எளியது. அதை யான் எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று எழுதவே இந்த ஓலை.

எங்கள் வழக்கம் தங்கள் நாட்டாருக்குச் சிரிப்பாக இருக்கிறது என்று அறிவேன். அங்கே பொரி தின்றுகொண்டே கதை கேட்கிறார்கள். யாரேனும் இறந்தால் ஒரு கணம் பொரியை நிறுத்துகிறார்கள். அதுவும் மரியாதையே. இங்கே, கதையில் ஒருவர் இறந்து, கேட்டவர் அழுதுவிட்டால், அழுதவர் ஆற்றில் மூழ்கிய பின்பே வீடு புகுவார். பத்து நாள் எண்ணெய் இல்லை, இரும்பு இல்லை, மணம் இல்லை. அழாதவருக்கு ஒன்றும் இல்லை. யார் அழுதார் என்று யாரும் கண்காணிப்பதில்லை; அவரவர் அறிவார். இறந்தவர் கதையில் மீண்டு வந்துவிட்டால், அதைக் கேட்ட கணத்தில் தீட்டு நீங்கும். இதை ஏற்படுத்தியவர் பெயர் எந்தச் செப்பேட்டிலும் இல்லை. கண்ணீர் வந்தபின் உறவு இல்லை என்று சொல்லக் கூடாது என நினைத்த யாரோ ஒருவர்.

ஆற்றைக் கடந்து வரும் எந்த ஏட்டையும் முதலில் படிப்பது ஓலைநாயகத்தின் கடமை. பகைநாட்டு ஓலைகளுக்காக ஏற்பட்டது அது. பகைநாட்டிலிருந்து கதை வரும் என்று ஏற்படுத்தியவர்கள் எண்ணவில்லை. ஆகவே தங்கள் கோடைமங்கலத்தில் அம்பலத்தாள் எழுதும் தாழைநங்கை சரிதையை, ஒவ்வொரு பௌர்ணமிக்கும், தண்கரையில் எல்லோருக்கும் முன்பாக யான் படித்து வருகிறேன். ஆற்றிடைத் திட்டுகளின் மேய்ச்சலுக்காக இரு நாடும் சண்டையிட்ட ஆண்டுகளிலும் படித்தேன். அம்பு வந்த ஆற்றிலேயே கதையும் வந்தது.

தொடக்கப் படலங்கள் நன்றாக இருந்தன. உப்பு வணிகன் மகள் ஒருத்தி. தந்தையைக் கொன்று சுங்கச்சாவடியைப் பிடித்த கழுமலனைத் தேடி, தந்தையின் உப்பு வண்டியோடு ஊர் ஊராகப் போகிறாள். கூட ஒரு வண்டிக்காரன், பூட்டிய இரண்டு மாடு, பின்னால் கட்டி வரும் ஒரு மாற்றுமாடு. இவ்வளவே கதை. இவ்வளவு போதும். அவள் பேரம் பேசும் இடங்களை யான் இருமுறை படித்தேன். வண்டிக்காரன் ஒரு விலை சொல்ல வாயெடுப்பான். அவள் அவன் காலை மிதிப்பாள். பிறகு அவளே வேறு விலை சொல்வாள். ஒவ்வோர் ஊரிலும் இது நடக்கும். சலிக்கவில்லை.

பிறகு கதைக்குப் பெயர் வந்தது. பெயர் வந்த கதைக்கு நேர்வதெல்லாம் இதற்கும் நேர்ந்தது. ஒரு காதணியை அம்பலத்தாள் மூன்று ஏட்டில் வருணித்தார். கழுமலன் ஏழு படலமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான். எதற்கு என்று சொல்லவில்லை. கொல்லப்பட்ட தந்தைக்கு அவரைப் போலவே ஒரு தம்பி வந்தார். தாழைநங்கை அவரை ஒரு சத்திரத்தில் உண்ணச் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். அதன்பின் அவரைப் பற்றிச் செய்தி இல்லை. இன்னும் உண்டுகொண்டிருப்பார்.

கதையை முதலில் படிப்பவன் யான் என்பதால், கதை பற்றிய முறையீடுகளும் என்னிடமே வருகின்றன. தாழைநங்கைக்கும் வண்டிக்காரனுக்கும் மணம் முடித்து வைக்க அரசு தலையிட வேண்டும் என்று குயவர் தெருவார் கேட்டார்கள். கூடாது என்று செக்குத் தெருவார் கேட்டார்கள். இரு தெருவும் ஒரே குளத்தில் நீர் எடுப்பவை. ஒரு மாதம் குடம் உடைந்தது. அது தங்கள் நாட்டுக் கதை, எங்கள் ஆட்சிக்கு உட்பட்டதன்று என்று இரு தெருவுக்கும் விடை எழுதினேன். என் மனைவி கேட்பதையே நிறுத்திவிட்டாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே வைக்கிறேன்: "அவ சாவட்டும், இல்ல பொழைக்கட்டும். ரெண்டுல ஒண்ணைச் செய்யச் சொல்லுங்க."

முதல் முறை அவள் கோட்டை மதிலிலிருந்து விழுந்து இறந்தாள். தலைநகரில் கடைகளை அடைத்தார்கள். அடைக்க யாரும் சொல்லவில்லை. வேந்தர் அழுதார். மணநாள் குறித்துப் போன ஓலையைத் திரும்பப் பெற்றோம். அடுத்த பௌர்ணமியில் பார்த்தால், மதில் இடுக்கில் முளைத்த அரசங்கன்றின் வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறாள். ஊர் பறை கொட்டியது. யானும் மகிழ்ந்தேன். அவ்வளவு நாள் தொங்கியவள் என்ன உண்டாள் என்று கேட்கத் தோன்றியது. மகிழ்ச்சியில் கேட்கவில்லை.

இரண்டாம் முறை நஞ்சு. சிதை மூட்டி எரித்ததையும் எழுதினார். எங்கள் நாட்டில் பலர் இரும்பு தொடாமல் சிப்பி ஓட்டால் தலை மழித்துக்கொண்டார்கள். மணம் மறுபடியும் தள்ளிப்போயிற்று. அடுத்த பௌர்ணமியில், எரிந்தது தாழைநங்கை அல்லள், அவளைப் போன்ற முகமுடைய தோழி என்று வந்தது. மன்றத்தில் யாரும் பறையைத் தொடவில்லை. முன்வரிசையில் மொட்டைத் தலையோடு இருந்த பாக்கு வணிகர் நாகனார் எழுந்து, படிப்பவரைக் கேட்டார்: "ஏம்ப்பா, எம் முடி எப்போ திரும்பி வரும்னு அதுல போட்டிருக்கா?" எல்லோரும் சிரித்தார்கள். யானும் சிரித்தேன்.

அந்தத் தோழிக்கு ஆசிரியர் பெயர் வைக்கவில்லை. அவளுக்காக யாரும் ஆற்றுக்குப் போகவில்லை. யான் போய் மூழ்கினேன். அழாமல் மூழ்குவது வழக்கமன்று. ஆனாலும் ஒருத்தி எரிந்திருக்கிறாள்.

இனி நெடுந்துறைக்கு வருகிறேன். அத்துறையைத் தாங்கள் அறிவீர்கள். முத்தங்கையாரின் மணப்படகு அங்கிருந்துதான் புறப்பட வேண்டும்.

அத்துறையின் ஓடக்காரன் பூதன். ஆடி வெள்ளத்தில் படகு கவிழ்ந்தது. ஏறியிருந்தவர்களைக் கரை சேர்த்தான். அவன் சேரவில்லை. படகு கீழ்த்துறையில் ஒதுங்கியது, கொண்டுவந்து கட்டினார்கள். அவன் உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவருக்கு வைக்கோலால் உருச்செய்து எரிப்பது வழக்கம். அவன் மனைவி சாத்தி எரிக்கவிடவில்லை. அது, எரிந்த தாழைநங்கை மீண்டு வந்த மாதம்.

ஓடக்கழியை அவள் யாருக்கும் தரவில்லை. பூதனின் தம்பி படகோட்டக் காத்திருந்தான். அவனுக்கும் தரவில்லை. சந்தைக்குப் போகிறவர்கள் தலைச்சுமையோடு மேல்துறைவரை நடந்தார்கள். முறையீடு வந்தது. மணப்படகுக்கும் ஓடக்காரன் வேண்டியிருந்ததால் யானே போனேன்.

அவள் துறைப்படியில் கழியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூடிய சட்டியில் சோறு. துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, யான் நிற்பதைப் பாராமல், அவளைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "பௌர்ணமிக்கு இன்னும் நாள் கெடக்குடி சாத்தி. சோத்தை மெதுவா ஆக்கு." சாத்தி திரும்பாமலே சொன்னாள்: "ஒம் புருஷன் வீட்டுலயேதான இருக்கான், அவனுக்கு ஆக்கிப் போடு போ. அந்த ஆளு இருக்குறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு."

துறை முழுவதும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

கதை வேறு, ஆறு வேறு என்று அவளுக்குச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "தாழைநங்கை ரெண்டு தடவை செத்து ரெண்டு தடவை வந்தா. எரிச்ச பொறவும் வந்தா. எம் புருஷன் ஒரு தடவ வரக் கூடாதாய்யா?"

அது கதை என்றேன்.

"கதைன்னா நீங்க எதுக்குய்யா தலை முழுகுனீங்க? ராசா எதுக்குக் கல்யாணத்தை நிறுத்துனாரு?"

தேவியாரே, மேய்ச்சல் திட்டுகளுக்காகத் தங்கள் தூதர்களோடு எட்டு ஆண்டுகள் வாதிட்டவன் யான். கழியை வாங்காமல் திரும்பினேன். வேறு துறையிலிருந்து ஓடக்காரனை அழைக்கலாம் என்று வேந்தருக்கு எழுதினேன். எழுதியது எனக்கே பிடிக்கவில்லை.

இந்தப் பௌர்ணமிக்குப் படலம் வந்தது. வழக்கம்போல் சலிப்போடு எடுத்தேன். மதிலா, நஞ்சா, பாம்பா என்று நினைத்துக்கொண்டே பிரித்தேன். காதணி இல்லை. கழுமலன் இல்லை. மழைக்கால வழி. மாற்றுமாடு கிழடாகிவிட்டதால் முந்தைய ஊரில் விற்றிருக்கிறார்கள். தாழைநங்கைக்குக் காய்ச்சல். மரத்தடியில் வண்டி நிற்கிறது. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று அவள் கேட்கிறாள். ஆயிற்று என்கிறான் வண்டிக்காரன். ஆகவில்லை. அவள் கண்ணை மூடியதும் எழுந்து மாடுகளை ஓட்டிப் போகிறான். திரும்பி வரும்போது அவள் இறந்திருக்கிறாள்.

அவ்வளவுதான் எழுதியிருக்கிறார். மழை வருகிறது. உப்பு நனையக் கூடாது, நிற்க முடியாது. வண்டியில் வேறு இடம் இல்லை. உப்பு மூட்டைகளின் மேல் அவளைக் கிடத்தி, பாயை இழுத்துக் கட்டி, ஓட்டுகிறான். அடுத்த ஊரில் உப்பு வாங்கக் கூடிவிடுகிறார்கள். அவன் பாயின் ஒரு பக்கத்தை மட்டும் அவிழ்த்து அளக்கிறான். விலை கேட்கிறார்கள். அவள் சொல்லும் விலையை அவன் சொல்கிறான். யாரும் அவன் காலை மிதிக்கவில்லை.

படலம் அங்கே முடிகிறது.

ஏட்டை மூடினேன். கட்டவில்லை. எழுந்து கொட்டிலுக்குப் போய் என் மாடுகளுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. பிறகு ஆற்றுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை மணம் என்பது இடுப்பளவு நீரில் நிற்கும்போது நினைவுக்கு வந்தது. படலத்தை என் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கலாம். சில நாள் போதும். ஆனால் தங்கள் கரையில் கேட்டவர்கள் எங்கள் சந்தைக்கு வருகிறவர்கள். புளி நிறுக்கும் நேரத்தில் சொல்லிவிடுவார்கள். அதைவிட, பூட்ட மனம் வரவில்லை. காதணியையெல்லாம் படிக்கவிட்டேன். இதை எப்படி மறைப்பது?

படி எடுத்து எல்லா மன்றங்களுக்கும் அனுப்பினேன். நெடுந்துறைக்கு யானே கொண்டுபோனேன். வெயில் தாழ்ந்தபின் படிப்பு தொடங்கியது. சாத்தி கழியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். படிப்பவர் எழினியார் நல்ல குரலுடையவர். சாவு வரும் இடங்களில் குரலை நடுங்கவிடுவார். இம்முறை நடுங்கவிடவில்லை. விலை சொல்லும் இடத்தில் நிறுத்தி, ஏட்டைத் திருப்பிப் பார்த்தார். மேற்கொண்டு எழுத்து இல்லை என்று கூட்டத்துக்குக் காட்டினார்.

யாரும் எழவில்லை. ஏமாந்துபோகக் கூடாது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கண்ணீர் வந்தவர்களும் அதை மறைத்தார்கள். பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்: "விடுங்கப்பா. அடுத்த பௌர்ணமிக்குப் பாயைத் தள்ளிட்டு, தும்மிக்கிட்டே எந்திரிச்சு வருவா பாருங்க." சிலர் சிரித்தார்கள்.

"வரமாட்டா" என்றாள் சாத்தி.

"நீயாடி சொல்றே?" என்று கேட்டவள், அன்று துவைத்துக்கொண்டிருந்தவளே.

"வண்டிக்காரன் வெலை சொல்லிட்டான்ல? அவ இருந்தா அவனை வாயைத் தொறக்க விடுவாளா?"

அதற்குப்பின் யாரும் சிரிக்கவில்லை. சாத்தி எழுந்து ஆற்றில் இறங்கினாள். அவள் தலை நீருக்குள் போய் வெளியே வரும்வரை கூட்டம் மூச்சுவிடவில்லை. பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். துவைத்தவள் அவள் பக்கத்தில் நின்று அவள் கூந்தலைப் பிழிந்துவிட்டாள்.

கரையேறியதும் சாத்தி கழியை எடுத்துக் கொழுந்தனிடம் நீட்டினாள். "புடி. நடு ஆத்துல அடியில சேறு. எடப்பக்கமா ஊனணும். ஒங்கண்ணன் அங்கதான் ஊனும்." அவன் வாங்கமாட்டேன் என்று அழுதான். "புடிடா, கை வலிக்குது" என்றாள்.

மறுநாள் பூதனுக்கு வைக்கோல் உரு செய்து எரித்தார்கள். யானும் நின்றேன்.

தலைநகர் திரும்பியபோது தங்கள் தூதர் எனக்காகக் காத்திருந்தார், இந்தக் கட்டோடு. தங்கள் ஆணையின்படி அம்பலத்தாள் அதை அவசரமாக எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். எழுதி முடியும்வரை வாயிலில் காவலர் நின்றதையும் சொன்னார். சிறிது பெருமையோடு சொன்னார். ஆசிரியர் ஏதேனும் சொன்னாரா என்று கேட்டேன். ஒன்று சொன்னாராம்: "எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன். இனிப் படிக்கிறவங்க பாடு."

படித்தேன். உப்பு அளக்கும்போது பாயின் அடியில் தும்மல் கேட்கிறது. தாழைநங்கை பாயைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்கிறாள். நெடுந்துறையில் பின்வரிசைக்காரன் சொன்னது அப்படியே இருக்கிறது. அவன் கேலியாகச் சொன்னான். பெருநாடு ஒன்றின் அரசாணை அதையே எழுதவைத்திருக்கிறது.

அந்தப் படலத்தில் இன்னொன்றும் கண்டேன். தாழைநங்கை கண்விழிக்கும்போது வண்டியின் பின்னால் மாற்றுமாடு கட்டியிருக்கிறது. அது விற்ற மாடு. அம்பலத்தாள் சத்திரத்துச் சிற்றப்பனை மறப்பார், மாட்டை மறந்ததில்லை. எந்த ஊரில் எந்த மாட்டுக்கு லாடம் தேய்ந்தது என்பதுவரை தொடக்கத்திலிருந்து சரியாக வைத்திருப்பவர். விற்ற மாட்டை அவர் தெரிந்தே திரும்பக் கட்டியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். செத்தவளை வரச் சொன்னால் விற்ற மாடும் வரட்டும் என்று எழுதியிருக்கிறார்.

தாங்களும் முதற் படலத்திலிருந்து படித்து வருகிறீர்கள் என்று தூதர் சொன்னார். ஆகவே மாட்டைத் தாங்களும் கண்டிருப்பீர்கள். பௌர்ணமிப் படலத்தை மூடியபின் தாங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

வேந்தரிடம் இரண்டு கட்டையும் வைத்தேன். அவர் கேட்டார்: "இதைப் படிச்சுட்டா எல்லாம் முடிஞ்சுடும், இல்லையா?" ஆம் என்றேன். வெள்ளிக்கிழமை மணம் நடக்கும். திட்டுகளில் மாடு மேயும். ஆற்றில் அம்பு பறக்காது. "அந்த ஓடக்காரப் பொண்ணு?" என்றார். அவள் கொழுந்தனிடமிருந்து கழியைத் திரும்ப வாங்கிக்கொண்டு படியில் உட்காருவாள் என்றேன். சோறும் ஆக்குவாள். ஒருத்திக்காக ஒரு போரா என்று அவர் கேட்கவில்லை. யானே அதைப் பலமுறை கேட்டுக்கொண்டேன். ஆனால் அவள் ஒருத்தியே அல்லள் என்று மட்டும் தோன்றுகிறது. மூன்றாம் முறையும் மீண்டு வந்தால், அதன்பின் எங்கள் நாட்டில் யார் இறந்தாலும் வாசலில் நின்று ஒருவன் தும்மிக் காட்டுவான்.

முத்தங்கையார் எண்ணெய் காணாத தலையோடு வந்தார். அவருடைய வாழ்வு இது. அவரைக் கேட்காமல் முடிவு செய்ய வேந்தர் விரும்பவில்லை. அவர் சொன்னதையும் மாற்றாமல் எழுதுகிறேன், அப்படியே எழுதச் சொன்னதால்: "நான் அழுதேன். அழலைன்னு சொல்லிட்டு எப்படிப் படகுல ஏறுறது? பத்து நாள் பொறுக்க முடியாத வீடா அது? அதை மட்டும் அவங்ககிட்டக் கேளுங்க."

கேட்டுவிட்டேன்.

ஆகவே எங்கள் வேந்தரின் முடிவு இது. தங்கள் கட்டை எந்த மன்றத்திலும் படிக்கமாட்டோம். வந்த நூலிலேயே கட்டி, இந்த ஓலையோடு திருப்புகிறோம். அதை வேந்தர், அவர் தங்கை, யான் ஆகிய மூவரையன்றி இங்கே யாரும் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொல்லவும் மாட்டோம். பத்து நாளும் தீட்டுக் காப்போம். தீட்டு நீங்கிய மறுநாள் காலை முத்தங்கையார் எண்ணெய் தேய்த்துக் குளித்து, நெடுந்துறையில் படகேறுவார். பூதனின் தம்பி கழி ஊன்றுவான். இடப்பக்கமாக ஊன்றுவான்.

அம்பலத்தாள் வாயிலில் காவலர் இன்னும் நின்றால் விலக்கிவிட வேண்டுகிறேன். அவர் மேலும் எழுதுவதானால் வண்டிக்காரனைப் பற்றி எழுதட்டும், படிப்பேன். எழுதாவிட்டாலும் சரி. அவருக்கும் ஓய்வு வேண்டும். எனக்கும் வேண்டும்.

தாங்கள் போர்ப்படகு அனுப்புவதானால், தங்கள் படகுத்தலைவர்கள் அறிய வேண்டிய ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். தீட்டு நீங்கும்வரை எங்கள் படைவீரரும் இரும்பு தொடமாட்டார்கள். வாளும் வேலும் படைக்கலக் கொட்டிலில் இருக்கின்றன. வருகிறவர்கள் துறையில் ஈரத்தலையோடு வெறுங்கையாக நிற்கும் கூட்டத்தைக் காண்பார்கள். அடையாளம் கேட்டால் சொல்லுங்கள்: அவர்கள் செம்பொறை நாட்டு உப்பு வணிகன் மகள் ஒருத்திக்காகத் துக்கம் காக்கிறவர்கள்.

எங்கள் இலச்சினை இரும்பில் வெட்டியது. ஆகவே இந்த ஓலையில் முத்திரை இல்லை. கட்டிய நூலை ஆற்றில் நனைத்துக் கட்டியிருக்கிறேன். காயும்போது இறுகியிருக்கும். அறுக்காமல் அவிழ்க்கச் சிறிது நேரம் ஆகும். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.